அந்தப் பக்கம் கேட்டது

எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது கரிக்காக. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கண்மாய்க்கரை ஓரமாக நடந்தால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. தாத்தா காலம்வரை பிறத்தியார் புஞ்சையில் பருத்தி எடுக்கவும் மல்லி பிடுங்கவும் போன குடும்பம். அப்பாதான் முதலில் அதிலிருந்து விலகி, சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் வேலைக்குப் போனார். கூலிக்கு மூட்டம் போட்டவர், நாலைந்து வருடத்தில் தானே கரி வாங்கி லாரியில் ஏற்றி அனுப்புகிறவர் ஆனார். காரியாபட்டியில் இருந்த கரி ஏஜெண்டு, "போனு இல்லாத ஆளுக்கு லோடு சொல்ல நான் என்ன புறாவா விட முடியும்?" என்று கேட்டாராம். அதற்காகவே எழுதிப்போட்டு, நடையாய் நடந்து ஒரு லேண்ட்லைன் வாங்கினார்.

முன்னறையில் ஒரு போன். அதே ஒயரிலிருந்து கிளை இழுத்து, வீட்டுக்குப் பின்னால் கரி மூடைகள் அடுக்கும் கொட்டகையில் இன்னொரு போன். கொட்டகை போன் கரித்தூசி குடித்துக் குடித்து, எடுத்தாலே கடலை வறுக்கிற மாதிரிச் சத்தம் போடும். நான் கல்லூரிக்குப் போன காலத்திலேயே அது செத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஊரில் எல்லோரும் செல்போனுக்கு மாறிவிட்டார்கள். அப்பா மட்டும் லேண்ட்லைனை விடவில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்குள் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது என்பது ஒரு காரணம். ஏஜெண்டு அந்தப் பழைய நம்பரைத் தவிர வேறு எதற்கும் போடமாட்டார் என்பது இன்னொன்று.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். எங்கள் தெருவின் முதல் என்ஜினியர். படிப்பு முடிந்த கையோடு சென்னையில் ஒரு வேலை வந்தது. அதே மாதம் மதுரையிலிருந்து ஒரு மாப்பிள்ளையும் வந்தது. அப்பா மாப்பிள்ளைக்குச் சரி சொன்னார். அந்த ஐந்து வருடத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. அடி உதை எதுவும் இல்லை. நான் இருக்கும் அறையில் நான் இல்லாத மாதிரி எல்லோரும் பேசிக்கொள்வார்கள். என் கணவருக்கு வேறோர் இடத்தில் ஒரு குடும்பம் இருந்தது, அது அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்த அன்று, ஒரு பையில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வந்த கொஞ்ச நாளில் ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அது எனக்கு எவ்வளவு பெரிய ஒதுக்கிடம் என்று சொன்னால் புரியாது. தண்ணீர்க் குழாயடியில் யாராவது, "ஏத்தா, மக இன்னும் போகலையா?" என்று அம்மாவைக் கேட்டால், "பஸ்ஸு விடட்டும், போயிரும்" என்று அம்மா சொல்லிவிடுவாள். உலகமே பயந்து கிடந்த அந்த நோயைக் கண்டு நான் ஒருத்தி மட்டும் ரகசியமாக நிம்மதிப்பட்டேன். செய்தியில் சாவு எண்ணிக்கை சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வேன். பஸ் ஓட ஆரம்பித்துவிடக் கூடாதே என்று மனம் வேண்டிக்கொண்டிருக்கும்.

அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வந்து இறங்கிய அன்று பையை வாங்கி உள்ளே வைத்ததோடு சரி. மாப்பிள்ளை பெயரைக்கூட அதன்பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை. மூட்டம் போட ஆள் வரவில்லை, லாரி வரவில்லை, அடுக்கிய கரி அடுக்கியபடி கிடந்தது. அவர் பாட்டுக்குக் கொட்டகையில் போய் உட்கார்ந்திருப்பார், சாப்பாட்டு வேளைக்கு வருவார். என்னைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். செலவழித்துப் படிக்க வைத்து, செலவழித்துக் கட்டிக்கொடுத்து, இரண்டும் வீணாகப் போன பிள்ளையாகத்தான் என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் என்னோடு படித்த ஒருத்தி வேலை ஒன்றைச் சொன்னாள். சென்னையில் ஒரு கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் வீட்டு இன்டர்நெட் பழுதுகளைப் போனிலேயே கேட்டுச் சரிசெய்து கொடுக்கும் வேலை. அந்த ஊர்களில் இன்னும் நிறைய வீடுகளுக்குப் பழைய தொலைபேசிக் கம்பியில்தான் நெட் போகிறதாம். வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஒயர் இணைப்பு இருக்க வேண்டும், நேர்காணலும் அதில்தான்.

அப்பாவிடம் கேட்டேன்.

"நம்ம போனு ஒயருல நெட்டு வருமா? அந்த ஒயரு பாதித் தூரம் கருவேலங்காட்டுக்குள்ளல்ல கெடக்கு" என்றார்.

"வரும்ப்பா. பேச்சு போற மாதிரியே அதுவும் போகும்."

"ரெண்டும் ஒண்ணா போனா மோதிக்கிறாதா?"

"மோதாதுப்பா. அது வேற ஒசரத்துல போகும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாளே திருச்சுழிக்கு சைக்கிளில் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். லைன்மேன் வந்து கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, எக்ஸ்சேஞ்சு ரொம்ப தூரம், நடுவில் ஏகப்பட்ட ஜாயிண்டு, வேகம் பெரிதாக வராது என்றார். பரவாயில்லை என்றேன். முன்னறை போனுக்கு முன்னால், பேச்சையும் நெட்டையும் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டியை மாட்டி, ஒரு முனையில் போனையும் மறுமுனையில் மோடத்தையும் செருகிக் கொடுத்துவிட்டுப் போனார். மோடத்தின் விளக்கு மினுக்கி மினுக்கி, ஒரு வழியாக நிலைத்து நின்றபோது அம்மா அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

நேர்காணலுக்கு நான் தயாரானதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. சுவரில் அடுப்புப் புகை ஏறிய இடத்தை மறைக்க ஒரு நல்ல சேலையைத் திரைபோலத் தொங்கவிட்டேன். ஆட்டுக்குட்டியை எதிர்வீட்டில் கட்டச் சொன்னேன். கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு அம்மாவை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பழகினேன். எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர. "இத்தன வருசம் ஏன் வேலைக்குப் போகலன்னு கேப்பாகம்மா. அதுக்கு என்ன சொல்லட்டும்?" அடுத்த அறையில் அப்பா படுத்திருந்தார்.

அன்று காலை அப்பாவிடம் சொன்னேன்: "இந்த அறைப் பக்கம் மட்டும் வந்துராதீங்கப்பா. கேமராவுல தெரியும்."

அவர் தன் கைலியைக் குனிந்து பார்த்தார். எத்தனை துவைத்தாலும் கரி போகாத கைலி. "நான் ஏன் வாரேன்? பின்வாசல்ல இருக்கேன்" என்று போய்விட்டார்.

திரையில் இரண்டு பேர். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கண்ணாடி போட்டவர்; அவர்தான் பெரியவர் என்று தெரிந்தது. இன்னொருவர் இளைஞர். ஆங்கிலத்தில்தான் பேசினோம். முதல் கேள்வியே எனக்குக் கரும்பாக இருந்தது. எதுவும் தெரியாத ஒரு வாடிக்கையாளருக்கு, ஒரே தொலைபேசிக் கம்பியில் பேச்சும் நெட்டும் எப்படிப் போகின்றன என்று விளக்கச் சொன்னார்கள்.

சொன்னேன். வீட்டுக்கு வருவது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு செம்புக் கம்பிகள். அவற்றைப் போட்டது மனிதக் குரலுக்காக. குரலுக்கு வேண்டியது மிகத் தாழ்ந்த அதிர்வெண்கள்தான். அதற்கு மேலே பெரிய இடம் பல காலம் சும்மா கிடந்தது. நெட் அந்த மேல் இடத்தில் போகிறது. மோடம் அந்த இடத்தை நூற்றுக்கணக்கான சின்னப் பாதைகளாகப் பிரித்துக்கொள்ளும். ஆன் செய்ததும் விளக்கு மினுக்குகிறதே, அப்போது எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெட்டியோடு சேர்ந்து ஒவ்வொரு பாதையாகச் சோதித்துப் பார்க்கும். சுத்தமான பாதையில் அதிகம் ஏற்றும், இரைச்சலான பாதையில் குறைவாக ஏற்றும், மிக மோசமானதை விட்டேவிடும். உயர்ந்த அதிர்வெண்கள் தூரம் போகப்போகச் சீக்கிரம் தேய்ந்துவிடுவதால்தான், எக்ஸ்சேஞ்சுக்குத் தொலைவில் இருக்கிறவர்களுக்கு வேகம் குறைவு. "எங்கள் வீட்டைப் போல" என்றும் சேர்த்துக்கொண்டேன். இருவரும் சிரித்தார்கள்.

டவுன்லோடு வேகமும் அப்லோடு வேகமும் ஏன் ஒன்றாக இல்லை என்று இளைஞர் கேட்டார். வீடுகளில் அனுப்புவதைவிட வாங்குவதுதான் அதிகம் என்பதால் பாதைகளில் பெரும்பங்கை வருவதற்கும், தாழ்வில் இருக்கும் கொஞ்சத்தைப் போவதற்கும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றேன். "வருவது தனி, போவது தனி" என்று சொல்லி முடித்தேன். அந்த அம்மா தலையசைத்ததைப் பார்த்தபோது, ஐந்து வருடமாக நான் எங்கே போயிருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகுதான் அது வந்தது. "படிப்பு முடிந்து ஐந்து வருடம் இடைவெளி இருக்கிறதே?"

"குடும்பக் காரணங்கள்" என்றேன்.

"கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?"

வாயைத் திறந்தேன். போன் மணி அடித்தது. அந்த மணிக்கு முதலில் நன்றிதான் சொன்னேன். முன்னறை போனுக்கு ஸ்ப்ளிட்டர் இருப்பதால் மணி அடித்தால் நெட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு அது நிற்கக் காத்திருந்தேன். இரண்டு மணி அடித்து நின்றது. நின்ற மறுகணம் திரையும் நின்றது. அந்த அம்மாவின் கண் பாதி மூடியபடி, இளைஞரின் பேனா உதட்டில் பட்டபடி.

மோடத்தைப் பார்த்தேன். விளக்கு நிலையாகத்தான் எரிந்தது. அப்போதுதான் உறைத்தது: யாரோ போனை எடுத்திருக்கிறார்கள். முன்னறை போன் என் கண்ணெதிரே தாங்கியில் இருக்கிறது. அப்படியென்றால் கொட்டகை போன். அது சாகவே இல்லை. அதற்கு ஸ்ப்ளிட்டரும் இல்லை.

எழுந்து ஓடினேன். பின்வாசலில் அப்பா எழுந்து நின்றார். "என்னத்தா?" என்றதற்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை.

கொட்டகைக்குள் அம்மா, ரிசீவரைக் காதோடு அமுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். "ஆமாண்ணே, நல்ல கரிதேன். ஈரம் இல்ல. நீங்க லாரிய மட்டும் விடுங்க."

"அம்மா, போன வையி!"

கையால் என்னைத் தடுத்தாள். "இருடி. இம்புட்டு நாள் கழிச்சு லோடு கேக்குறாக."

"நெட்டு நின்னுபோச்சும்மா. அவுக அங்க காத்திருக்காக. வையி!"

"ஒரு நிமிசம் இருன்னா… அண்ணே, மக என்னமோ சொல்லுது, நீங்க சொல்லுங்க…"

நான் மூடைகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைத் தேடினேன். பல்லி ஒன்று ஓடியது. ஒயர் கிடைத்ததும் பிடுங்கி எறிந்தேன். ஏஜெண்டின் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. அம்மா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. என் சுடிதார் முழுக்கக் கரி. தட்டிக்கொண்டே ஓடி வந்தேன்.

என் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

கைலிக்கு மேலே, கல்யாணம் காட்சிக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டியிருந்தார். மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, திரையைப் பார்த்து நேராக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"நீ வார வரைக்கும் நாந்தேன் பேசிட்டிருந்தேன்" என்றார். முகத்தில் ஒரு திருப்தி. "ரெண்டு பேரும் அசையாமக் கேட்டாக தாயி. படிச்சவுக படிச்சவுகதேன். என்ன ஒரு மரியாத."

திரையில் அந்த அம்மாவின் கண் இன்னும் பாதி மூடித்தான் இருந்தது. அது நின்றுபோன படம் என்று எனக்குத் தெரிந்ததால், வந்த பதற்றம் அப்படியே இறங்கியது. ஒன்றும் போயிருக்காது. நல்லவேளை. "சரிப்பா, நீங்க போங்க" என்று அவரை ஏறக்குறையத் தள்ளிவிட்டேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

நான் உட்கார்ந்தேன். படம் ஒரு முறை வெட்டி, அசைந்தது. அந்த அம்மா கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். இளைஞர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை ஆங்கிலம் தவிர ஒரு வார்த்தை பேசாத அந்த அம்மா, தமிழில் சொன்னார்: "உங்க அப்பா பேசினது எங்களுக்குக் கேட்டதும்மா. நாங்க பதில் சொன்னோம். அவருக்குக் கேக்கலைனு நினைக்கிறேன்."

என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. எந்த இடைவெளியை இரண்டு ஆங்கில வார்த்தைகளால் நான் மூடி வைத்தேனோ, எதை ஊரே அறியாமல் இத்தனை மாதம் காத்து வந்தேனோ, அது சென்னையில் இரண்டு அந்நியர் முன்னால் திறந்து கிடந்தது. என் பின்னால் தொங்கிய சேலையும் காற்றில் விலகி, புகையேறிய சுவர் தெரிந்ததைத் திரையின் மூலையில் என் படத்தில் பார்த்தேன். எழுந்து சரிசெய்யத் தோன்றவில்லை.

பிறகு அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மறுபடி ஆங்கிலத்துக்குப் போனார். "ஒரு கடைசிக் கேள்வி. அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. ஏன்?"

இதைவிடக் குரூரமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை என்று அப்போது நினைத்தேன். பிடித்து இழுத்து வெளியே விடும் கையாகவும் அது இருந்திருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. பதில் மட்டும் தெரிந்தது.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் சிக்னல் நான்கைந்து கிலோமீட்டர் தாண்டி எங்கள் வீட்டை அடையும்போது மெலிந்து போயிருக்கும். ஸ்ப்ளிட்டர் இல்லாத பழைய போன் ஒன்றை யாரோ எடுத்ததும், அதன் கரகரப்பு எங்கள் வீட்டு முனையிலேயே அந்த மெலிந்த சிக்னல் மேல் விழுந்து அதை மூடிவிட்டது. ஆகவே உங்கள் குரலும் படமும் எங்களுக்கு வரவில்லை. ஆனால் எங்கள் மோடத்திலிருந்து புறப்படுவது, புறப்படும் இடத்தில் பலமாக இருக்கும். தாழ்ந்த பாதையில் போவதால் தூரத்தையும் தாங்கும். அந்தக் கரகரப்போ உங்கள் பக்கம் போய்ச் சேருவதற்குள் தேய்ந்துவிடும். இணைப்பு அறுபடவில்லை. வரும் வழி மட்டும்தான் அடைபட்டது.

"அதாவது?" என்றார்.

"நாங்கள் சொல்வதெல்லாம் உங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது."

"சரியான பதில்" என்றார். நன்றி சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்கள்.

வருவது தனி, போவது தனி என்று கால்மணி நேரத்துக்கு முன் நானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிவிட்டு, படம் நின்றதைப் பார்த்ததும் எல்லாம் நின்றதாக நினைத்து ஓடினேன். அந்த எரிச்சலும் அவமானமும் சேர்ந்து நேராக அப்பாவிடம் போய் விழுந்தது.

"யாரு உங்களப் பேசச் சொன்னா?"

பின்வாசலில் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். "ஆளுகள ஒத்தையா உக்கார வச்சிட்டு நீ பாட்டுக்கு ஓடிட்ட. வீட்டுக்கு வந்தவுகள அப்பிடி விடலாமா?"

"அவுக வீட்டுக்கு வரலப்பா! அது நின்னுபோன படம். அசையாமக் கேட்டாக, மரியாதையாக் கேட்டாகன்னீகளே, படம் எப்பிடிப்பா அசையும்?"

அவர் கை நின்றது. "படமா?"

"படந்தேன். ஆனா நீங்க பேசுனது பூராம் போயிருக்கு. எல்லாத்தையும் கேட்டிருக்காக. அவுக பேசுனதுதேன் உங்களுக்குக் கேக்கல."

அவர் முகம் அப்போது போன போக்கை நான் எதிர்பார்க்கவில்லை. என் ரகசியத்தை உடைத்ததற்காக வருந்துவார் என்றுதான் நினைத்தேன். அவருக்கு அது தோன்றவே இல்லை. "அப்ப அவுக ஏதும் பதில் சொன்னாகளா?" என்று மெதுவாகக் கேட்டார். "அவுக பேசப் பேச, நான் காதுல வாங்காம என் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேனா?"

"அட, கிறுக்கப்பயன்னு நெனச்சிருப்பாகளே" என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டே கொட்டகைப் பக்கம் போனார். அம்மா மூடைமேல் உட்கார்ந்து, செத்த போனின் ஒயரை மறுபடி செருக முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏஜெண்டு திரும்பக் கூப்பிடவில்லை. அந்த லோடு வீரசோழன் ஊர்ப் பக்கம் வேறு ஒருவருக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதற்காக என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

அதன்பிறகு நான் லேப்டாப்பைத் திறந்தால் அப்பா அந்த அறைக்குள் வரமாட்டார். மழை பெய்தாலும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் அடுப்படிக்கு வருவார். ஒருமுறை தெரியாமல் வந்துவிட்டு, வெறும் படிப்புப் பக்கம்தான் இருந்த திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே நகர்ந்தார். "வாங்கப்பா, ஆளு யாரும் இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்வதற்குள் போய்விட்டார்.

வேலை கிடைத்தது. செய்தி வந்த அன்று சாயங்காலம் போய்ச் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நான் பேசுனதுனாலயா?"

எதைக் கேட்க அவர் விரும்புகிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் பயந்துகொண்டிருந்தார். இரக்கப்பட்டுக் கொடுத்த வேலையாக அது இருந்துவிடக் கூடாதே என்று.

"இல்லப்பா. கேள்விக்கு நான் பதில் சொன்னதுனால."

"அப்பச் சரி" என்றார். நான் சொன்னது உண்மையா என்று எனக்கே தெரியாது.

பஸ் ஓடத் தொடங்கியது. நான் மதுரைக்குப் போகவில்லை. அம்மாவுக்குச் சொல்ல வேறு சாக்கு கிடைக்கவில்லை. ஊருக்குத் தெரிந்தது, நாலு நாள் பேசினார்கள், பிறகு வேறு கதை வந்தது. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. அந்த இரண்டு பேருக்குத் தெரிந்ததுதான் எனக்கு வெகுநாள் முள்ளாக இருந்தது. கூட்டு அழைப்பில் அந்த அம்மா என் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அதற்குப் பின்னால் அவர் வேறெதையோ நினைக்கிறார் என்று தோன்றும். வேலையில் ஒரு தவறு செய்து அவர் கண்டிக்காமல் விட்டால், அன்றிரவு சோறு இறங்காது.

ஆபீஸ் திறந்து, சென்னைக்கு வரச் சொன்னார்கள். முதல் நாள் மதியம் சாப்பாட்டு அறையில் அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நேரில் குள்ளமாக இருந்தார். டப்பாவைத் திறந்துகொண்டே, "அப்பா எப்படி இருக்கார்?" என்றார்.

"நல்லா இருக்காங்க, மேடம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு எங்கப்பா என்ன சொன்னாங்க?"

"உங்களுக்குத் தெரியாதா?" அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "அவர் சொல்லலையா?"

"இல்ல மேடம். நானும் கேக்கல."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். நான் நினைத்த மாதிரி அப்பா கெஞ்சவில்லை. வேலை கொடுங்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. என் கணவரைப் பற்றியும் அதிகம் இல்லை. "எம் மக வேலைக்குப் போறேன்னுதேன் சொல்லுச்சு. நாந்தேன் விடல. நல்ல எடம்னு சொன்னாக, விசாரிக்காமக் கட்டிக் குடுத்துட்டேன். அந்த அஞ்சு வருசத்துக்குக் கணக்கு கேக்குறதுன்னா என்னயக் கேளுங்க. அதுகிட்டக் கேக்காதீக. அதுக்குச் சொல்லத் தெரியாது." அவ்வளவுதானாம். அதையே முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தடவை சொன்னாராம். "நாங்க சரிங்க ஐயா, சரிங்க ஐயான்னு சொல்லிட்டே இருந்தோம். அவருக்குக் கேக்கல. அதனால திரும்பத் திரும்பச் சொன்னார்."

அவர் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டியது சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். நான் தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்த மனிதரையா கேமராவில் தெரிவீர்கள் என்று பின்வாசலுக்கு அனுப்பினேன் என்று நினைத்தபோது, தலையை நிமிர்த்த முடியவில்லை.

அடுத்து ஊருக்குப் போனபோது எங்கள் தெருவரை கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டது. பழைய செம்பு ஒயரைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அப்பா பஸ் நிறுத்தத்துக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டார். கண்மாய்க்கரையில் நடந்துகொண்டிருந்தோம். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

"அப்பா, அன்னைக்கு நீங்க அந்தம்மாகிட்டப் பேசுனது…"

"அத விடு தாயி" என்றார் சட்டென்று. நடையும் கொஞ்சம் வேகமானது. நான் பின்னால் போனேன். கரை இறங்கும் இடத்தில் எனக்காக நின்றவர், பையைத் தோள் மாற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா நல்லா இருக்காகளா?"

"நல்லா இருக்காகப்பா."

"கேட்டேன்னு சொல்லு."